ஐப்பசியில் தெரிந்த நிலா

சார்ட்டா அது? இப்படிக் குடுங்க சார், என் மடியில வெச்சுக்கறேன், நசுங்கிடும். நீங்க பையை மேல வெச்சுட்டு உக்காருங்க. சீர்காழியில கொஞ்சம் இறங்குவாங்க, அதுக்கப்புறம் காத்து வரும்.

சூரியக் குடும்பமா? நல்லா இருக்கு. வளையமெல்லாம் ஜிகினா ஒட்டி... பிள்ளை போட்டதா, நீங்க போட்டதா? சிரிக்கிறீங்க பாருங்க. சிரிச்சதுலயே தெரிஞ்சுபோச்சு. இல்லையில்ல, தப்பாச் சொல்லலை. நானும் அந்த ஆளுதான். அதனாலதான் கேட்டேன்.

என் பேரு சிவகுரு. கரண்டு ஆபீஸ்ல இருக்கேன். வீடு வீடா மீட்டர் ரீடிங் எடுப்பாங்கள்ல, அந்த வேலை. சீர்காழிக்குக் கிழக்க எங்க ஊரு. ஒரே பொண்ணு, சுடர்விழி. இந்தக் கதை நடக்கும்போது ஏழாவது. இப்ப எட்டாவது போயிட்டா. எங்க ஊரு அரசுப் பள்ளிக்கூடம்தான். நல்ல பள்ளிக்கூடம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துல நானும் ஒரு உறுப்பினர். கூட்டம் போட்டா முன்வரிசையில நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. அதை எதுக்குச் சொல்றேன்னா, முன்வரிசையில உக்காந்திருந்ததுதான் பின்னாடி வினையாப் போச்சு.

போன வருஷம் அறிவியலுக்குப் புதுசா ஒரு டீச்சர் வந்தாங்க. ரெஜினா டீச்சர். தூத்துக்குடிப் பக்கம். சின்ன வயசு, அதிர்ந்து பேச மாட்டாங்க. ஆனா வீட்டுப்பாடம் குடுப்பாங்க பாருங்க, அது வீட்டுக்கே பாடம். புஸ்தகத்தைப் பாத்து எழுதிட்டு வான்னு ஒரு நாளும் சொன்னதில்லை. குச்சியை நட்டு நிழலை அளந்துட்டு வா. பாட்டிலை வெட்டி வெச்சு மழையைப் பிடிச்சுட்டு வா. ஒரு தடவை, வயல் மண்ணையும் தண்ணியையும் பாட்டில்ல போட்டுக் குலுக்கி, எது முதல்ல அடியில தங்குது, எது கடைசியில தங்குதுன்னு பாத்து எழுதணும். என் சம்சாரம் தையல்நாயகியோட ஊறுகாய் ஜாடியை எடுத்து அதுல வாய்க்கால் சேத்தைப் போட்டு வெச்சுட்டா இவ. தையல் கத்தின கத்தல் தெருவுக்கே கேட்டுச்சு. மறுநாள் பாத்தா அம்மாவும் பொண்ணும் அந்த ஜாடிக்கு முன்னாடி குத்தவெச்சு உக்காந்து, மணல் எது வண்டல் எதுன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. நமக்கு அதெல்லாம் ஓடாது சார். நமக்கு வேலை முடிஞ்சா சரி, தாளு நிறைஞ்சா சரி.

தீபாவளி கழிஞ்சு நிலாப் பாடம் வந்துச்சு. ஒரு பெரிய சார்ட்டு. அதுல வரிசையா வட்டம் போட்டுக்கணும். தினம் நிலாவைப் பாத்து, வெளிச்சமா இருக்கற இடத்தை விட்டுட்டு மீதியைக் கறுப்பாக்கணும். அந்த அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசை வரைக்கும். பௌர்ணமி வரைக்கும் சாயங்காலம் பாக்கணுமாம், அதுக்கப்புறம் காலையில பாக்கணுமாம்.

"காலையில ஏதும்மா நிலா?"ன்னு கேட்டேன்.

"இருக்கும்ப்பா. பௌர்ணமி முடிஞ்சா காலையில மேற்கால நிக்கும். நீங்க பாத்ததே இல்லையா?"

எனக்கு நாப்பத்தஞ்சு தாண்டிருச்சு சார். காலையில எழுந்து வண்டியை எடுத்து ஊர் ஊராத்தான் சுத்தறேன். நான் ஒரு நாளும் பாத்ததில்லை. அதை அவகிட்ட சொல்லலை. "பாத்திருக்கேன், பாத்திருக்கேன்"னேன்.

ஆரம்பத்துல பிறை தெரிஞ்சுச்சு. மாடியில போய் நின்னு பாத்துட்டு, ஓடி வந்து பென்சில்ல போடுவா. அப்புறம் பிடிச்சுச்சு மழை. ஐப்பசி மழை எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்தழுத்தம்னாங்க, அப்புறம் புயல்னாங்க. வயலு வாய்க்காலு தெரியாம எல்லாம் ஒரே தண்ணி. எனக்கு ஆபீஸ்ல ஓய்வே இல்லை, எங்க பாத்தாலும் கம்பி அறுந்து கிடக்கு. இவ என்னடான்னா தினம் குடையைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்குப் போறா. போய் நின்னு மேல பாக்கறா. இறங்கி வந்து வட்டத்துக்குள்ள 'மேகம்'னு எழுதறா. மறுநாளும் 'மேகம்'. அதுக்கு மறுநாளும் 'மேகம்'. நடுவுல ஒரு நாள், ரெண்டு நாள் நிலா எட்டிப் பாக்கும், போடுவா. திரும்ப 'மேகம்'.

மாசம் முடிஞ்சு சார்ட்டைப் பாக்கறேன். பாதிக்கு மேல மேகம்தான். நிலா சார்ட்டா மழை சார்ட்டான்னு தெரியலை.

"என்னம்மா இது, இப்படியே கொண்டுபோய்க் குடுக்கப் போறியா?"

"ஆமாப்பா. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

சொல்லுவாங்க சார். டீச்சருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துல எல்லா சார்ட்டையும் சுவத்துல மாட்டப் போறாங்க. நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன். ஊர்க்காரங்க பாப்பாங்க. சிவகுரு பொண்ணு சார்ட்டு அரைகுறையாத் தொங்கினா எப்படி இருக்கும்? அதுவும் நிலாக் கணக்கு என்ன பெரிய ரகசியமா? ஹால்ல தினசரி காலண்டர் தொங்குது. என்னிக்கு அஷ்டமி, என்னிக்குப் பௌர்ணமின்னு எல்லாம் போட்டிருக்கு.

அவ அன்னைக்குச் சாயங்காலம் கணக்கு டியூஷன் போயிருந்தா. நான் சார்ட்டை விரிச்சு வெச்சுக்கிட்டேன். ரப்பரை எடுத்து மேகத்தையெல்லாம் அழிச்சேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால ஒவ்வொரு வட்டமா... சார், உண்மையைச் சொல்லணும்னா, நல்லா வந்துச்சு. டப்பா மூடியை வெச்சு வளைச்சு வளைச்சுப் போட்டேன். பிறை வளந்து, முழுசாகி, தேய்ஞ்சு... அச்சடிச்ச மாதிரி.

தையல் எட்டிப் பாத்துட்டு, "பிள்ளை பாடத்துல நீங்க ஏங்க கை வைக்கிறீங்க?"ன்னா.

"உனக்குத் தெரியாது, போ"ன்னேன்.

சுடர் வந்து பாத்தா. கை கால் கூடக் கழுவலை, பையோட நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. சந்தோஷப்படுவான்னு நெனைச்சேன்.

"அப்பா, இதெல்லாம் நான் பாக்கலையே."

"நீ பாக்கலைன்னா நிலா இல்லாமப் போயிடுமா? மேகத்துக்குப் பின்னாடி இருந்துச்சுல்ல? இருந்ததைத்தானே போட்டிருக்கேன்."

நீங்களே சொல்லுங்க சார், நான் கேட்டதுல என்ன தப்பு? நிலா இருந்துச்சுல்ல? எங்க வேலையிலயும் அப்படித்தான். ரீடிங் எடுக்கப் போறோம், வீடு பூட்டியிருக்கு. என்ன செய்வோம்? போன தடவை என்ன வந்துச்சோ அதையே போட்டுட்டு வருவோம். அது ரூலு. அடுத்த தடவை நேர் பண்ணிக்கலாம். அதையே பொய்னு சொல்ல முடியுமா? நான் அந்த நெனைப்புலதான் செஞ்சேன். அன்னைக்கு அப்படித்தான் தோணுச்சு.

வேற சார்ட்டு வாங்கி வரையவும் நேரம் இல்லை. பழைய பென்சில் கோடும் இல்லை, நான்தான் அழிச்சுட்டேனே. "சரிப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் கூட்டம். சுவர் பூரா நிலா. நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன். சுத்திப் பாத்தா எல்லா சார்ட்டுலயும் மேகம், மேகம், மேகம்னுதான் இருக்கு. நடுவுல என் பொண்ணோடது மட்டும் பளிச்சுன்னு தொங்குது. எனக்கு அப்ப பெருமையாத்தான் இருந்துச்சு, மறைப்பானேன்.

ரெஜினா டீச்சர் எழுந்து, "இந்தப் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. "இந்த மாசம் நம்ம ஊர்ல எந்தெந்த நாள் வானம் மூடியிருந்துச்சுன்னு யாரும் எங்கேயும் எழுதி வெக்கலை. இவங்க எழுதி வெச்சிருக்காங்க. ஒருத்தர் மேகம்னு எழுதின அதே நாள்ல இன்னொருத்தரும் மேகம்னு எழுதியிருக்காங்க. பேசி வெச்சுக்கலை, அவங்கவங்க வீட்டுல இருந்து பாத்தது." ஜனங்க கை தட்டினாங்க. என் பொண்ணு சார்ட்டை ஒரு தடவை திரும்பிப் பாத்தேன்.

அப்புறம் சுடர் சார்ட்டுக்கிட்ட போய் நின்னாங்க. "சுடர் மட்டும் எல்லா நாளும் பாத்திருக்கா. புயல் அன்னைக்குக் கூடப் பாத்திருக்கா. சுடர், நீ எங்கேயிருந்து பாத்தே? உங்க வீட்டுப் பக்கம் வானம் விட்டுச்சா?"

கேலியா கேக்கலை சார். நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு ஆசையாக் கேட்டாங்க. அதுதான் கஷ்டம். கேலியாக் கேட்டிருந்தா எனக்குக் கோவமாவது வந்திருக்கும்.

சுடர் எழுந்து நின்னா. என்னைப் பாத்தா. அந்தப் பார்வையில ஒண்ணும் இல்லை சார், நீங்க ஏதாவது சொல்லுவீங்களாப்பான்னு ஒரு பார்வை. அவ்வளவுதான். நான் சட்டைப் பையில இருந்து போனை எடுத்தேன். யாரும் கூப்பிடலை. சும்மா எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

"இல்லை டீச்சர். மேகமாத்தான் இருந்துச்சு. காலண்டரைப் பாத்துப் போட்டது."

"நீயா?"

"ஆமா டீச்சர்."

கூட்டத்துல யாரோ லேசாச் சிரிச்சாங்க. டீச்சர் திட்டலை. "பாத்ததை மட்டும்தான் எழுதணும்னு சொன்னேன்ல"ன்னு மெதுவாச் சொன்னாங்க. சார்ட்டைக் கழட்டிச் சுருட்டி அவ கையில குடுத்தாங்க. "உக்காரும்மா."

தைப்பொங்கல் கழிச்சு ஊருக்கு டெலஸ்கோப் கொண்டுவரப் போறாங்கன்னு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு யார் யாருக்கு என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டுக் கேட்டு எழுதற பொறுப்பு சுடருக்குன்னும் சொல்லியிருந்தாங்க. ஒரு வாரமா அதையே பேசிக்கிட்டு இருந்தா வீட்டுல. அந்தக் கூட்டத்து முடிவுல, அதை ஆஷிகான்னு வேற ஒரு பிள்ளை எழுதும்னு அறிவிச்சாங்க. காரணம் சொல்லலை. சொல்லணுமா என்ன.

வீட்டுக்கு வண்டியில வரும்போது நான் அவளைக் கேட்டேன் சார், "ஏம்மா காலண்டர்னு போய்ச் சொன்னே? நம்ம தெருவுல கொஞ்ச நேரம் மேகம் விலகிச்சு டீச்சர்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்ல?"ன்னு. அவ நல்லதுக்குத்தான் கேட்டேன். பின்னாடி உக்காந்திருந்தவ என் சட்டையைப் பிடிச்சிருந்தா. கையை எடுத்துட்டா. எடுத்து வண்டிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல அவளைக் 'காலண்டர்'னு கூப்பிடறாங்கன்னு தையல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ சொல்லலை. எதுவுமே சொல்றதில்லை. வீட்டுப்பாடத்தை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவா. "என்னம்மா இன்னைக்குப் பாடம்?"னு கேட்டா, "ஒண்ணும் இல்லப்பா." சார்ட்டையெல்லாம் சுருட்டி பீரோ மேல, என் கைக்கு எட்டாத மாதிரி உள்ள தள்ளி வெச்சிருப்பா. நான் எட்டி எடுக்க மாட்டேனா? எடுக்கலை. எடுக்க என்ன இருக்கு.

எனக்கு டீச்சர் மேலதான் வருத்தம். ஒரு சின்னப் பிள்ளையை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கலாமா? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? இதை நான் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன், டீக்கடையில சொல்லியிருக்கேன், மச்சினன்கிட்ட போன்ல சொல்லியிருக்கேன். எல்லாரும் டீச்சர் செஞ்சது தப்புன்னுதான் சொன்னாங்க. சார்ட்டை வரைஞ்சது யாருங்கறதை மட்டும் நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ.

ஆத்துப் பாலம் வந்துருச்சா? இன்னும் இல்லை. சரி.

தை மாசம் டெலஸ்கோப் வந்துச்சு. அறிவியல் இயக்கத்துப் பசங்க ரெண்டு பேரு வேன்ல கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்துல நிறுத்தினாங்க. பொழுது சாஞ்சதும் ஊரே திரண்டு வந்துருச்சு. முதல்ல பிறை நிலாவைக் காட்டறது, அப்புறம் சனி கிரகத்தைக் காட்டறதுன்னு ஏற்பாடு. தையல் வர மாட்டேன்னுட்டா. "சனியை யாராவது வரிசையில நின்னு தேடிப் போய்ப் பாப்பாங்களா? கோயில்லயே நேருக்கு நேரா நிக்காதே, ஒதுங்கி நின்னு கும்பிடுன்னுதான் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்து, நேரா குளிச்சுட்டு வீட்டுக்குள்ள வாங்க"ன்னா.

நிலாவை எல்லாரும் பாத்தோம். பள்ளம் பள்ளமா, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி. நல்லாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் அந்தப் பசங்கள்ல ஒருத்தன் குழாயைத் திருப்பிச் சனியைப் பிடிச்சான். டீச்சர் பாத்தாங்க, "அழகா இருக்கு, வாங்க வாங்க"ன்னாங்க. பெரியவங்களுக்கு முதல் வரிசை, அதுக்குப் பின்னாடி பிள்ளைங்க. எனக்கு முன்னாடி ஊர்ப் பெரிய மனுசங்க ஏழெட்டுப் பேரு. ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாக்கறாங்க. "அடேயப்பா"ங்கறாங்க. "வளையம் போட்டு அப்படியே நிக்குதே"ங்கறாங்க. பக்கத்துல பேடும் பேனாவுமா ஆஷிகா நின்னு எழுதிக்கிட்டு இருக்கு.

என் முறை வந்துச்சு. குனிஞ்சேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு மறு கண்ணை வெச்சேன்.

இருட்டு சார்.

கண்ணைத் தள்ளி வெச்சுப் பாத்தேன், கிட்ட வெச்சுப் பாத்தேன். மூடின கண்ணை மாத்திப் பாத்தேன். இருட்டுதான். என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனைச்சேன். முன்னாடி இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலைன்னா? பின்னாடி அவ்வளவு பெரிய வரிசை.

"தெரியுதா சார்?"னு டீச்சர் கேட்டாங்க.

"தெரியுது டீச்சர்."

"வளையம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. ஜோரா இருக்கு."

ஆஷிகா எழுதிக்கிச்சு. நான் நகந்தேன். அந்தாண்ட போய் நின்னு திரும்பினா, எனக்கு அடுத்து நிக்கறது சுடர். பெரியவங்க வரிசை என்னோட முடிஞ்சு, பிள்ளைங்க வரிசையில அவதான் முதல்ல நின்னிருக்கா. என் முதுகுக்குப் பின்னாடியே நின்னிருக்கா, நான் கவனிக்கலை.

குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"என்ன சுடர், தெரியுதா?"

"இல்லை டீச்சர்."

"நிதானமாப் பாரு. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாரு."

"பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணும் தெரியலை. இருட்டாத்தான் இருக்கு."

வரிசையில ஒரு பிள்ளை, "காலண்டர்ல பாத்துச் சொல்லு"ன்னுச்சு. நாலஞ்சு பிள்ளைங்க சிரிச்சுதுங்க. சுடர் திரும்பிப் பாக்கலை. "தெரியலை டீச்சர்"னு மறுபடியும் சொன்னா.

தள்ளி நின்னு யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்த அந்தப் பையன் ஓடி வந்தான். குனிஞ்சு பாத்தான். "ஐயோ, விலகிப் போயிருக்கு டீச்சர். பூமி சுத்திக்கிட்டே இருக்குல்ல, கொஞ்ச நேரத்துல குழாயை விட்டுத் தள்ளிப் போயிடும். நான் பேச்சுல கவனிக்கலை, அப்பப்ப திருப்பி வெச்சிருக்கணும்"னான்.

"எப்ப விலகியிருக்கும்?"

"நாலஞ்சு பேருக்கு முன்னாடியே விலகியிருக்கும் டீச்சர்."

எனக்கு முன்னாடி பாத்தவரு, "எனக்கு லேசா ஒரு புள்ளி மாதிரி..."ன்னு இழுத்தாரு. இன்னொருத்தரு பீடி பத்த வைக்கற சாக்குல நகந்துட்டாரு. டீச்சர் யாரையும் எதுவும் கேக்கலை. ஆஷிகா எழுதி வெச்சிருந்ததை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. அப்புறம் சுடரைப் பாத்தாங்க. திரும்ப என்னைப் பாத்தாங்க.

அந்தம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சார்ட்டு விஷயம் பூராவும். காலண்டர் யாரோட காலண்டர்னு. அந்தப் பார்வையில கோவம் இல்லை. இரக்கம் மாதிரி ஏதோ இருந்துச்சு. அது என் மேலயா, என் பொண்ணு மேலயான்னு கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"ஆஷிகா, சுடரையும் கூட வெச்சுக்கோ. நீ எழுது, என்ன தெரிஞ்சுதுன்னு அவ கேக்கட்டும்"னு சொன்னது காதுல விழுந்துச்சு. நான் அங்க நிக்கலை. வண்டி நிறுத்தின இடத்துக்குப் போய் இருட்டுல நின்னுக்கிட்டேன். அந்தப் பையன் சரி பண்ணி வெச்சுட்டான், எல்லாரும் மறுபடியும் வரிசையில நின்னு பாத்தாங்க. அங்கேருந்தே சத்தம் கேட்டுச்சு. இந்தத் தடவை "அடேயப்பா" வேற மாதிரி இருந்துச்சு சார். நிஜமாப் பாத்தா அப்படித்தான் வரும் போல.

கூட்டம் கலைஞ்சு சுடர் வந்தா. வண்டியில ஏறினா. கொஞ்ச தூரம் வந்தோம். நான் சும்மா, பேச்சுக்கு, "அப்புறம் நல்லாத் தெரிஞ்சுதாம்மா?"ன்னேன்.

"தெரிஞ்சுதுப்பா." சொல்லிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?"ன்னு கேட்டா.

வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், அவ முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்ல முடிஞ்சுதுன்னு நெனைக்கறேன்.

"இல்லம்மா. ஒண்ணும் தெரியலை."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். இவ என்ன சொன்னா தெரியுமா சார்? "தெரியலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த அண்ணன் அப்பவே திருப்பி வெச்சிருப்பாங்கப்பா. நீங்களும் பாத்திருக்கலாம்"னா. குத்திக் காட்டற மாதிரி இல்லை சார். நான் பாக்காமப் போயிட்டேனேன்னு அவளுக்கு நிஜமாவே வருத்தம். எனக்கு அந்த இடத்துல வண்டியை ஓரங்கட்டணும் போல இருந்துச்சு. ஓரங்கட்டலை. ஓட்டிக்கிட்டே வந்தேன்.

வீடு நெருங்கும்போது, "சார்ட்டு நீங்க போட்டதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்கப்பா"ன்னா.

"அவங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சேம்மா."

"அவங்களுக்குத் தெரிஞ்சது வேறப்பா. நீங்க சொல்லணும்."

"சொல்றேன்"னேன். சத்தியமா சொல்லணும்னுதான் சொன்னேன்.

அது தை. மாசி, பங்குனி போச்சு. டீச்சரைக் கடைத்தெருவுல பாப்பேன், "வணக்கம் டீச்சர்"ம்பேன். "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?"ம்பாங்க. கூட யாராவது இருப்பாங்க. இல்லைன்னா எனக்கு அவசர வேலை இருக்கும். ஒரு தடவை அவங்க குடியிருந்த வீட்டுக்கே ரீடிங் எடுக்கப் போனேன். தனியாத்தான் இருந்தாங்க. மோர் குடுத்தாங்க. குடிச்சுட்டு, ரீடிங் எழுதிட்டு வந்துட்டேன். சுடர் அதுக்கப்புறம் ஒரு தடவை கூட, "சொல்லிட்டீங்களாப்பா?"ன்னு கேக்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பரீட்சை முடிஞ்சு லீவுல டீச்சருக்கு மாறுதல் வந்துருச்சு. பள்ளிக்கூடம் திறந்த வாரம் வழியனுப்பு விழா வெச்சாங்க. கழகத்து சார்பா நான்தான் பொன்னாடை போத்தினேன். ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. மைக்கைப் பிடிச்சா நமக்கு நல்லா வரும். ரெஜினா டீச்சர் பிள்ளைங்களுக்கு உண்மையைச் சொல்லக் கத்துக் குடுத்தாங்க, பாத்ததைப் பாத்தேன்னும் பாக்காததைப் பாக்கலைன்னும் சொல்லக் கத்துக் குடுத்தாங்கன்னு பேசினேன். நல்ல கைத்தட்டல். டீச்சர் கையைக் கட்டிக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பிள்ளைங்க வரிசையில சுடர் உக்காந்திருந்தா. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே பேசி முடிச்சேன்.

அன்னைக்கு வீட்டுல சாப்பிடும்போது, "நல்லாப் பேசினீங்கப்பா"ன்னா. சொல்லிட்டு மோர் ஊத்திக்கிட்டா. அது கேலியா, நிஜமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை சார். கேக்கவும் முடியலை. தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு எழுந்தேன். கை கழுவற இடத்துல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன். தையல் வந்து, "தண்ணியை நிறுத்துங்க, தொட்டி காலியாவுது"ன்னா.

இல்லை சார், ஆபீஸ் வேலையாப் போகலை. இன்னைக்கு லீவு போட்டிருக்கேன். பாலம் தாண்டினதும் ஒரு பள்ளிக்கூடம் இருக்குல்ல, ரோட்டை ஒட்டி, டீச்சருக்கு அங்கதான் மாறுதல். மதியம் சாப்பாட்டு நேரத்துல போனா தனியாப் பாக்கலாம்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். சுடர்கிட்ட சொல்லலை. சொல்லிட்டு வந்து, அங்க போய் எனக்கு வாய் வரலைன்னா? தையல்கிட்டயும் சொல்லலை. சிதம்பரத்துல ஒரு வேலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அது ஒரு பொய். ஆமா.

டீச்சர், அந்த சார்ட்டை நான்தான் வரைஞ்சேன், என் பொண்ணு வரையலை, அவ சரியாத்தான் எழுதியிருந்தா, நான்தான் அழிச்சேன். இவ்வளவுதானே சார் சொல்லணும்? உங்ககிட்ட சொல்லும்போது வந்துச்சு பாருங்க. முழுசா வந்துச்சுல்ல? நீங்க நடுவுல எதுவும் கேக்கலை, அதனால வந்துச்சு. அவங்களும் எதுவும் கேக்காம இருந்தாங்கன்னா வந்துடும்னு நெனைக்கறேன்.

பாலம் வந்துருச்சு. தண்ணி இல்லை பாருங்க, மணல்தான். இந்தாங்க சார்ட்டு, ஓரம் மடங்காமப் பிடிச்சுக்குங்க.

ஸ்கூல் ஸ்டாப்பு இன்னும் ஒண்ணு தள்ளி இருக்கு. தெரியும் சார். நான் இங்கேயே இறங்கிக்கறேன். வாசல்லயே கொண்டுபோய் இறக்கிவிட்டா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். கொஞ்சம் நடந்து போறேன்.

கண்டக்டர், ஒருத்தர் இறங்கணும்.